இரண்டு முழக் கம்பியில் ஒரு மோட்டார்: பிள்ளைகளோடு செய்ய முழுமையான வழிகாட்டி

டார்ச் பேட்டரி ஒன்று, ஊக்கு இரண்டு, காந்தம் ஒன்று, ஒரு மீட்டர் தாமிரக் கம்பி. இவ்வளவுதான் தேவை. பத்து வயதுப் பிள்ளை ஒரு மணி நேரத்தில் தன் கையாலேயே சுழலும் மோட்டார் ஒன்றைச் செய்துவிடலாம்.

சனிக்கிழமை மாலைகளில் எங்கள் தெருப் பிள்ளைகளோடு இதைப் பல முறை செய்திருக்கிறேன். முதல் முயற்சியில் பெரும்பாலும் சுழலாது. சுழலாத சுருளைக் கையில் எடுத்துப் பார்த்தால் கோளாறு அநேகமாக இரண்டு இடங்களில் ஒன்றில்தான் இருக்கும்: சுருள் ஒரு பக்கம் கனத்துத் தொங்கும், அல்லது கம்பி முனையைச் சுரண்டிய பக்கம் தவறாக இருக்கும். இரண்டுமே அவசரத்தில் வேலையின் வரிசையை மாற்றுவதால் வருபவை. ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். ஒவ்வொரு படிக்கும் காரணம் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகள் கேட்பார்கள், பதில் கையில் இருக்க வேண்டும்.

1. வாங்கி வைக்க வேண்டியவை

கம்பியிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் அதில்தான் பலர் தவறுகிறார்கள். பிளாஸ்டிக் உறை போட்ட சாதாரண ஒயர் இதற்கு உதவாது. வேண்டியது எனாமல், அதாவது மின்சாரத்தைக் கடத்தாத மெல்லிய பூச்சு, பூசிய தாமிரக் கம்பி. மோட்டார் காயில் கட்டும் கடையில் "24 கேஜ் காயில் கம்பி" என்று கேட்டால் தருவார்கள். அதன் விட்டம் அரை மில்லிமீட்டரைவிடச் சற்று அதிகம், 0.56 மி.மீ. எடை போட்டுத்தான் விற்பார்கள். ஒரு மீட்டர் கம்பி ஏறத்தாழ 2.2 கிராம் இருக்கும், ஆகவே 100 கிராம் வாங்கினால் 40 பிள்ளைகளுக்குப் போதும்.

22 கேஜ் கம்பியிலும் மோட்டார் ஓடும். 28 கேஜ் வேண்டாம். அது தலைமுடிபோல் வளையும், பிள்ளைகள் உப்புத்தாளால் தேய்க்கும்போதே கோணிவிடும்.

கடைக்காரர் எரிந்துபோன மோட்டாரிலிருந்து கழற்றிய பழைய கம்பியை இலவசமாகவே எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். அதை வாங்காதீர்கள். அதன் எனாமல் கருகி ஆங்காங்கே உதிர்ந்திருக்கும். எங்கே மின்சாரம் பாய வேண்டும், எங்கே பாயக் கூடாது என்பதை நாம் முடிவு செய்வதுதான் இந்த மோட்டாரின் உயிர். எனாமல் ஏற்கெனவே உதிர்ந்திருந்தால் அந்த முடிவு நம் கையில் இல்லை.

பேட்டரி: பெரிய டார்ச் லைட்டில் போடும் 1.5 வோல்ட் கட்டை, ஒரு மோட்டாருக்கு ஒன்று.

ஊக்கு: புடவையில் குத்தும் சேஃப்டி பின், 5 செ.மீ. நீளமுள்ளது, இரண்டு. வாலில் கம்பி ஒரு முழு வட்டமாகச் சுற்றியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அந்தச் சிறு வளையத்தில்தான் சுருள் உட்கார்ந்து சுழலப் போகிறது. வண்ணம் பூசிய ஊக்கு வேண்டாம், வண்ணம் மின்சாரத்தைத் தடுக்கும்.

காந்தம்: கருப்பு நிற ஃபெரைட் காந்தம், 2.5 முதல் 3 செ.மீ. அகல வட்டம், அரை செ.மீ. தடிமன் இருந்தால் நன்று. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் நெகிழ்வான தகட்டுக் காந்தத்துக்கு இந்த வேலைக்கான பலம் கிடையாது.

இவை தவிர: அகலமான ரப்பர் பேண்டு (சைக்கிள் டியூபைக் குறுக்கே வெட்டிய வளையம் இன்னும் நல்லது), உப்புத்தாள், சிறு கத்தரிக்கோல், இரட்டைப் பக்க டேப், நகப் பூச்சு ஒரு குப்பி, முக்கால் இன்ச் பி.வி.சி. குழாய்த் துண்டு ஒன்று. நகப் பூச்சு எதற்கு என்று ஒன்பதாம் பகுதியில் தெரியும். மறந்துவிடாதீர்கள், கட்டாயம் தேவைப்படும்.

2. தொடங்குமுன் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியவை

மூன்று விஷயங்களை முதலிலேயே, விளையாட்டாக அல்லாமல், சொல்லிவிடுங்கள்.

முதலாவது, சுவரிலுள்ள பிளக். "ஒரு கட்டையிலேயே இவ்வளவு வேகம் என்றால் பிளக்கில் சொருகினால்?" என்று ஏதாவது ஒரு பிள்ளைக்குத் தோன்றும். தோன்றுவது நல்ல புத்தியின் அடையாளம், ஆனால் வீட்டில் தனியாக இருக்கும்போது தோன்றினால் ஆபத்து. பேட்டரி 1.5 வோல்ட், சுவரில் 230 வோல்ட், உயிரைப் பறிக்கும் என்று எண்களோடு சொல்லுங்கள்.

இரண்டாவது, பேட்டரி வகை. மொபைல் போன் பேட்டரி, பவர் பேங்க், பழைய லேப்டாப்பிலிருந்து எடுத்த செல் எதையும் பயன்படுத்தக் கூடாது. நம்முடைய சுருளின் மின்தடை மிக மிகக் குறைவு, ஓம் கணக்கில் பத்தில் ஒரு பங்குகூட இராது. பேட்டரியின் இரு முனைகளையும் நேராக இணைப்பதற்குச் சமம். சாதாரண டார்ச் கட்டையால் ஓரளவு மின்னோட்டம்தான் தர முடியும், அதனால் அது சூடாவதோடு நிற்கும். லித்தியம் செல் அப்படி நிற்காது, தீப்பற்றும்.

மூன்றாவது, காந்தம். வெள்ளி போல் மின்னும் சிறிய, மிகப் பலமான காந்தங்கள் இப்போது எளிதாகக் கிடைக்கின்றன. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அவை வேண்டவே வேண்டாம். அவற்றில் இரண்டை விழுங்கிவிட்டால் குடலின் இரு மடிப்புகளுக்கு நடுவே ஒன்றையொன்று இழுத்துக் குடலையே துளைத்துவிடும். பெரிய கருப்புக் காந்தம் போதும் என்று நான் பிடிவாதமாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

3. முதலில் தாங்கி

சுருள் சுற்றத்தான் பிள்ளைகள் துடிப்பார்கள். தாங்கியை முதலில் செய்ய வையுங்கள். சுருளைச் சோதித்துப் பார்க்க ஓர் இடம் தயாராக இல்லாவிட்டால் சமநிலை பார்க்காமலே சுரண்டத் தொடங்கிவிடுவார்கள்.

பேட்டரியை மேசைமேல் படுக்கவையுங்கள். ஊக்கின் தலைத் தகட்டை உப்புத்தாளால் இரண்டு முறை தேய்த்துக்கொள்ளுங்கள். தலை கீழே, வால் வளையம் மேலே இருக்குமாறு ஒவ்வொரு முனையிலும் ஓர் ஊக்கை நிறுத்துங்கள். ரப்பர் வளையத்தைப் பேட்டரியின் நீளவாக்கில் இழுத்துப் போட்டு இரு ஊக்குகளையும் இறுக்குங்கள். ரப்பர் பேட்டரியின் இரு பக்கவாட்டிலும் ஓட வேண்டும், மேலே ஓடினால் காந்தம் வைக்க இடமிருக்காது.

நேர்முனையில் கூடுதல் கவனம் தேவை. அங்கே நடுவிலுள்ள சிறு குமிழில்தான் ஊக்கின் தலை பட வேண்டும். அது நழுவி ஓரத்துக்குப் போய்விட்டால் பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும், மின்சாரம் மட்டும் வராது.

இரு வளையங்களும் ஒரே உயரத்தில், நேருக்கு நேர் இருக்கின்றனவா என்று பார்க்க, நேரான ஒரு கம்பித் துண்டை இரண்டிலும் நுழைத்து உடனே வெளியே எடுத்துவிடுங்கள். அது எனாமல் உள்ள கம்பியாக இருக்கட்டும். எனாமல் இல்லாத உலோகக் கம்பியை நுழைத்தால் பேட்டரி அங்கேயே நேர் இணைப்பாகிச் சூடேறும்.

காந்தத்தைப் பேட்டரியின் முதுகில், நடுவில், இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டுங்கள். சில பேட்டரிகளின் உறை இரும்பாக இருக்கும், காந்தம் தானாகவே பிடித்துக்கொள்ளும்.

4. சுருள் சுற்றுதல்

ஒரு மீட்டர் கம்பியை நறுக்குங்கள். அதாவது, பெரியவர் கையில் இரண்டு முழத்துக்குச் சற்று மேல். தொடக்கத்தில் 5 செ.மீ. விட்டுவிட்டு, குழாய்த் துண்டின்மேல் நெருக்கமாகச் சுற்றச் சொல்லுங்கள். பத்தரைச் சுற்று. அந்த அரைச் சுற்று முக்கியம். சரியாகப் பத்து சுற்றினால் தொடங்கிய இடத்திலேயே கம்பி முடியும், இரு முனைகளும் ஒரே பக்கம் நிற்கும். பத்தரை சுற்றினால் முனைகள் எதிரெதிராக, ஒன்பது மணிக்கும் மூன்று மணிக்கும் வந்து நிற்கும். முடிவிலும் குறைந்தது 5 செ.மீ. இருக்கட்டும்.

ஏன் பேட்டரியின் மேலேயே சுற்றக் கூடாது? அதன் விட்டம் 3.3 செ.மீ. அவ்வளவு பெரிய சுருள் கீழேயுள்ள காந்தத்தில் இடிக்கும். குழாயின் வெளி விட்டம் ஏறத்தாழ 2.5 செ.மீ. என்பதால் இந்த உயரத்துக்குப் பொருந்துகிறது.

சுருளைக் குழாயிலிருந்து மெல்ல உருவுங்கள். உருவியதும் அது விரியப் பார்க்கும். ஒரு கை விரல்களால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு முனையையும் பத்துச் சுற்றுகளையும் சேர்த்து இரண்டு முறை இறுகச் சுற்றிக் கட்டுங்கள், மல்லிகைச் சரத்தில் நார் முடிச்சுப் போடுவது போல. கட்டு தளர்ந்தால் சுழலும்போது சுருள் பிரிந்துவிடும்.

பிறகு முனைகளை நேராக்க வேண்டும். விரலால் நீவினால் போதாது. முனையை மேசைமேல் வைத்து, மேலே ஓர் அடிக்கோலை வைத்து அழுத்தி, முன்னும் பின்னும் உருட்டுங்கள். சின்னக் கோணல் இருந்தாலும் ஊக்கு வளையத்தில் அது மேடாகத் தட்டும், சுருள் துள்ளும்.

5. சுரண்டுவதற்கு முன் சமநிலை

ஒரு பிள்ளையும் தானாகச் செய்யாத படி இது. இதைச் செய்யாமல் அடுத்ததற்குப் போக நான் யாரையும் விடுவதில்லை.

முனைகளில் இன்னும் எனாமல் இருப்பதால் மின்சாரம் பாயாது. ஆகவே பேட்டரி பொருத்தியிருக்கும் தாங்கியிலேயே சுருளை வைத்துச் சோதிக்கலாம். ஓர் ஊக்கைச் சற்று வெளிப்பக்கம் சாய்த்து, முனைகளை வளையங்களில் நுழைத்து, ஊக்கை மறுபடி நிமிர்த்துங்கள். சுருளை விரலால் சுண்டிவிட்டு, தானாக நிற்கும்வரை காத்திருங்கள். நின்றதும் அடியில் இருக்கும் பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். இதையே ஐந்து முறை செய்யுங்கள்.

புள்ளி ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நின்றால் சுருள் சமநிலையில் இருக்கிறது. ஐந்து முறையும் புள்ளி கீழேயே வந்து நின்றால் அந்தப் பக்கம் கனம். பேட்டரியின் மெல்லிய உந்துதலில் பெரும்பகுதி அந்தக் கனத்தை மேலே தூக்கவே செலவாகிவிடும், சுழற்ற மிச்சமிருக்காது.

சரிசெய்வது எளிது. கனமான பக்கத்தை நோக்கி இரு முனைகளையும் ஒரு மில்லிமீட்டர் நகர்த்துங்கள். அச்சு கனத்தின் அருகே போகும்போது அந்தக் கனத்தின் வலு குறைகிறது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல, நீளமான அடிக்கோலை ஒரு விரலில் நிறுத்தச் சொல்லுங்கள். அடிக்கோல் சாயும் பக்கமாக விரலை நகர்த்தினால்தான் நிற்கும் என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

சுருளுக்கும் காந்தத்துக்கும் நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறதா என்றும் இப்போதே பாருங்கள். இடித்தால் ஊக்குகளைச் சற்று மேலே இழுங்கள். இடைவெளி ஒரு செ.மீ. இருந்தாலும் நல்லதல்ல, தூரம் கூடக் கூடக் காந்தத்தின் பிடி வேகமாகக் குறையும்.

6. ஒரு முனை முழுதாக, மறுமுனை பாதியாக

சமநிலை சரியானதும் சுருளை வெளியே எடுங்கள்.

முதல் முனை: உப்புத்தாளை இரண்டாக மடித்து, கம்பியை நடுவில் வைத்து விரல்களால் அழுத்தி, கம்பியைத் திருப்பிக்கொண்டே இழுக்க வேண்டும். சுருளிலிருந்து சிறிது தள்ளித் தொடங்கி நுனிவரை, நாலாபுறமும். எனாமல் பழுப்பும் சிவப்பும் கலந்த நிறம். அது போனதும் உள்ளே இருக்கும் தாமிரம் வெளிர் ரோஜா நிறத்தில் பளபளக்கும். எனாமலுக்கே தாமிர நிறம் இருப்பதால், சுரண்டாத கம்பியைச் சுரண்டிவிட்டதாக நினைத்துக்கொள்வது மிகச் சாதாரணம். பக்கத்தில் சுரண்டாத கம்பித் துண்டு ஒன்றை வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டாவது முனை: இங்கேதான் மோட்டார் ஓடுமா ஓடாதா என்பது தீர்மானமாகிறது. கம்பியின் சுற்றளவில் சரிபாதியை மட்டும் சுரண்ட வேண்டும், மறுபாதியில் எனாமல் அப்படியே இருக்க வேண்டும். அதுவும் எந்தப் பாதி என்பதில் தவறக் கூடாது.

சுருளை மேசை விளிம்புக்கு வெளியே, விரலிடுக்கில் நிமிர்த்திப் பிடியுங்கள். சுவர்க் கடிகாரம் தொங்குவது போல அது செங்குத்தாக நிற்க வேண்டும். முனை மட்டும் மேசைமேல் படுத்திருக்கட்டும். இப்போது உப்புத்தாளைத் தட்டையான ஐஸ் குச்சியில் சுற்றி, மேலிருந்து மட்டும் தேயுங்கள். கம்பி உருளக் கூடாது. மேல்பாதி பளபளக்க வேண்டும், புரட்டிப் பார்த்தால் கீழ்ப்பாதி பழுப்பாகவே இருக்க வேண்டும்.

புதியவர்கள் சுருளை மேசைமேல் தட்டு போலப் படுக்கவைத்து முனையின் மேற்புறத்தைத் தேய்த்துவிடுவார்கள். வசதியாக இருப்பதால் கை அப்படித்தான் போகும். பாதி சுரண்டியாயிற்று, நிறமும் சரி, ஆனால் மோட்டார் நடுங்குமே தவிரச் சுழலாது. அடுத்த பகுதியைப் படித்தால் ஏனென்று தெரியும்.

இரு முனைகளையும் பாதிப் பாதி சுரண்டலாமா என்று கேட்கிறார்கள். ஒரே பக்கப் பாதியாக இருந்தால் ஓடும். தவறி எதிரெதிர்ப் பாதியாகிவிட்டால் இரு முனைகளும் ஒரே நேரத்தில் ஊக்கைத் தொடவே மாட்டா, மின்சாரம் ஒருபோதும் பாயாது. அதனால்தான் ஒன்றை முழுதாகச் சுரண்டிவிடச் சொல்கிறேன்.

சுரண்டும் வேலையைப் பிள்ளையிடமே விடுங்கள். பிளேடு மட்டும் கொடுக்காதீர்கள், உப்புத்தாள் போதும். மெதுவாகத்தான் ஆகும், ஆகட்டும்.

7. ஏன் பாதி?

மோட்டாரை ஓடவிடுவதற்கு முன்பே இதைப் பேசிவிடுவது என் வழக்கம். ஓடிவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள்.

மின்சாரம் பாயும்போது சுருளும் ஒரு காந்தமாகிறது. அதன் ஒரு முகம் வடதுருவம், மறுமுகம் தென்துருவம். ஏதாவது ஒரு முகத்தைக் கீழேயுள்ள காந்தம் தன் பக்கம் இழுக்கிறது. நிமிர்ந்து நிற்கும் சுருள் அந்த இழுப்பில் திரும்பி, தட்டு போலப் படுக்கும் நிலைக்கு வருகிறது. இழுத்த முகம் இப்போது காந்தத்தை நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மின்சாரம் தொடர்ந்து பாய்ந்துகொண்டே இருந்தால் சுருள் இதற்கு மேல் நகராது. வந்த வேகத்தில் சற்றுத் தாண்டினாலும் காந்தம் பின்னால் இழுத்துவிடும். அப்படியும் இப்படியும் ஆடி நின்றுவிடும்.

படுக்கும் நிலைக்கு வந்த அந்தக் கணத்தில் மின்சாரத்தை நிறுத்திவிட்டால்? பின்னால் இழுக்க எதுவும் இல்லை. சுருள் தன் வேகத்திலேயே மீதி அரைச் சுற்றைக் கடந்துவிடும். கடந்ததும் மறுபடி மின்சாரம், மறுபடி அதே திசையில் உந்துதல். ஊஞ்சல் ஆட்டும் பிள்ளைக்கு இது நன்றாகவே தெரியும். ஊஞ்சல் நம்மை விட்டுப் போகும்போது தள்ளுகிறோம், திரும்பி வரும்போது கையை எடுத்துவிடுகிறோம். கையை எடுக்காவிட்டால் ஊஞ்சல் நின்றுவிடும்.

கம்பியில் சுரண்டிய பாதி தள்ளும் கை, எனாமல் உள்ள பாதி எடுத்துவிட்ட கை. முனை தன் எடையால் ஊக்கு வளையத்தின் அடிப்பக்கத்தில்தான் உட்காருகிறது. ஆகவே சுரண்டிய பாதி கீழ்நோக்கி இருக்கும் அரைச் சுற்றில் மட்டும் மின்சாரம் பாயும். அந்த அரைச் சுற்றின் நடுவில் சுருள் நிமிர்ந்திருக்க வேண்டும், இழுப்பு மிக வலுவாக இருப்பது அப்போதுதான். சுருளை நிமிர்த்திப் பிடித்துச் சுரண்டச் சொன்னது இதற்காகவே. படுக்கவைத்துச் சுரண்டியிருந்தால் பாதி நேரம் முன்னால் தள்ளி, பாதி நேரம் பின்னால் இழுத்து, இரண்டும் கழிந்து ஒன்றுமில்லாமல் போகும்.

பள்ளிப் பாடநூலில் பிளவு வளையம், திசைமாற்றி என்றெல்லாம் படம் போட்டிருப்பார்கள். மின்சாரத்தைச் சரியான நேரத்தில் மாற்றிக் கொடுக்கும் அதே வேலையைத்தான் இங்கே பாதி சுரண்டிய கம்பி எளிய முறையில் செய்கிறது. அங்கே மின்சாரத்தின் திசை மாறுகிறது, இங்கே நின்று நின்று வருகிறது. மிக்சி பழுதானால் "கார்பன் தேய்ந்துவிட்டது" என்று கடைக்காரர் மாற்றித் தருகிறாரே, அந்தக் கார்பன் கட்டை உரசுவதும் இப்படிப்பட்ட திசைமாற்றியில்தான். ஆனால் வீட்டுச் சீலிங் ஃபேனும் இதே மாதிரி என்று சொல்லிவிடாதீர்கள். அது மாறுமின்னோட்டத்தில் வேறு விதமாக இயங்குவது, அதற்குள் கார்பனும் திசைமாற்றியும் கிடையாது.

8. ஓடவிடுதல்

சுருளைத் தாங்கியில் வையுங்கள். இரு ஊக்குகளுக்கும் சரிநடுவில், காந்தத்துக்கு நேர் மேலே நிற்கட்டும். விரலால் மெல்லச் சுண்டுங்கள். ஒரு திசையில் சுண்டினால் நின்றுவிடும், மறுதிசையில் சுண்டினால் பிடித்துக்கொண்டு ஓடும். இரு திசையிலும் மூன்று மூன்று முறை முயன்ற பிறகுதான் ஓடவில்லை என்று முடிவு செய்ய வேண்டும். ஒரே திசையில் சுண்டிப் பார்த்துவிட்டுச் சோர்ந்துபோகும் பிள்ளைகள் பலர்.

ஒரு நிமிடம் ஓடியதும் சுருளை எடுத்துவிடுங்கள். சுருள் சுழலாமல், சுரண்டிய பக்கம் ஊக்கில் பட்டபடி நின்றுவிட்டால் அதைவிடச் சீக்கிரம் எடுக்க வேண்டும். அந்த நிலையில் மின்சாரம் நிற்காமல் பாயும், கம்பியும் ஊக்கும் விரலைச் சுடும், பேட்டரியும் வீணாகும்.

9. சுழலவில்லையென்றால்

எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு மறுபடி தொடங்கப் பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். வேண்டாம். சுருள் என்ன செய்கிறது என்று கவனித்துப் பாருங்கள், அதுவே காரணத்தைச் சொல்லும்.

கொஞ்சமும் அசையவில்லை, சுண்டினால் சாதாரணச் சக்கரம்போல் சுற்றி நிற்கிறது என்றால் மின்சாரமே வரவில்லை. நேர்முனைக் குமிழில் ஊக்கு படுகிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்து, முழுதாகச் சுரண்டிய முனையில் எனாமல் மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். மின் இணைப்பைச் சோதிக்கும் மல்டிமீட்டர் இருந்தால் இரண்டு நிமிட வேலை. ஒலி எழுப்பும் நிலையில் வைத்து, சுருளின் இரு முனைகளிலும் சுரண்டிய இடத்தில் மீட்டரின் கம்பிகளை வைத்தால் ஒலிக்க வேண்டும். கடைசியாகப் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். டார்ச்சில் மங்கலாக எரியும் பழைய கட்டை இதற்குப் போதாது.

துள்ளுகிறது, விட்டுவிட்டு ஓடுகிறது என்றால் முனைகள் கோணல். அடிக்கோலால் மறுபடி உருட்டுங்கள்.

ஒரு பக்கமாகவே தொங்கி நிற்கிறது என்றால் ஐந்தாம் பகுதிக்குத் திரும்புங்கள்.

அப்படியும் இப்படியும் ஆடுகிறது என்றால் சுரண்டியதில் தவறு. போன மாதம் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி வெகுநேரம் தன் சுருளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சார், இது சுற்ற மாட்டேன் என்று தலையாட்டுகிறது" என்றாள். குனிந்து பார்த்தேன். சுருள் படுத்த நிலைக்கு வந்து, தாண்டி, திரும்பி, மறுபடி தாண்டி, திரும்பிக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தால் இரண்டாவது முனையும் நாலாபுறமும் பளபளத்தது. பாதியில் நிறுத்தாமல் தேய்த்துக்கொண்டே போயிருக்கிறாள்.

இந்த இடத்தில்தான் நகப் பூச்சு. சுருளை நிமிர்த்திப் பிடித்து, இரண்டாவது முனையின் மேல்பாதியில் மட்டும் மெல்லிய கோடாக நகப் பூச்சைத் தீட்டச் சொன்னேன். காய்ந்ததும் அதுவே எனாமலின் வேலையைச் செய்யும். பத்து நிமிடம் ஊதி ஊதிக் காயவைத்தாள். வைத்துச் சுண்டியதும் முதல் முறையிலேயே பிடித்துக்கொண்டது. படுக்கவைத்துச் சுரண்டிய தவறுக்கும் இதே மருந்துதான்: அந்த முனையை முழுதாகச் சுரண்டிவிட்டு, நிமிர்த்திப் பிடித்துப் பாதிக்கு நகப் பூச்சு போட வேண்டும். முழுவதும் காயாமல் வைத்தால் பூச்சு ஊக்கில் ஒட்டி வளையத்தையும் மூடிவிடும்.

சிறிது நேரம் நன்றாக ஓடிப் பிறகு நின்றுவிட்டால், ஊக்கும் கம்பியும் உரசும் இடத்தைப் பாருங்கள். அங்கே சிறு தீப்பொறிகள் தெறித்துக் கருமை படிந்திருக்கும். உப்புத்தாளால் ஒரு முறை துடைத்தால் மறுபடி ஓடும்.

10. சுழன்ற பிறகு

ஓடிய மோட்டாரைப் பார்த்துக் கைதட்டிவிட்டு எழுந்து போவதற்கு விடாதீர்கள். இனிமேல்தான் அது சோதனைக் கருவி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மாற்றுவதற்கு முன் என்ன ஆகும் என்று நோட்டில் எழுதிவிட வேண்டும். இந்த இரண்டையும் கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

காந்தத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்தால் மோட்டார் எதிர்த்திசையில் ஓடும். காந்தத்தைப் பழையபடி வைத்து, பேட்டரியை மட்டும் முன்பின்னாகத் திருப்பினாலும் எதிர்த்திசைதான். இரண்டையும் ஒரே சமயத்தில் திருப்பினால்? எழுதச் சொல்லிவிட்டுச் செய்து பாருங்கள். "இரண்டு மடங்கு வேகம்" என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. அது பழைய திசையிலேயே, பழைய வேகத்திலேயே ஓடும்போது அவர்கள் முகத்தில் கணக்கு ஓடுவது தெரியும்.

இரண்டாவது காந்தம் இருந்தால் சுருளுக்கு மேலே கையில் பிடித்துக் கொண்டுவாருங்கள். ஒரு முகத்தைக் காட்டினால் வேகம் கூடும், மறுமுகத்தைக் காட்டினால் குறையும்.

சுற்றுகளின் எண்ணிக்கையை மாற்றிப் பார்ப்பது பெரிய பிள்ளைகளுக்கு ஏற்றது. ஐந்தரைச் சுற்றில் ஒன்று, இருபதரைச் சுற்றில் ஒன்று செய்யட்டும். சுற்று கூடினால் காந்த பலமும் கூடும், எடையும் கூடும். எது வெல்லும் என்பது உங்கள் பேட்டரி, காந்தம், ஊக்கின் வழவழப்பு ஆகியவற்றைப் பொறுத்தது. அதனால் பக்கத்து மேசையில் வந்த விடை உங்கள் மேசையில் வராமல் போகலாம்.

11. எடுத்து வைத்தல்

முதலில் சுருளை எடுங்கள், பிறகு ரப்பரைக் கழற்றி ஊக்குகளைப் பிரியுங்கள். சுருளைத் தாங்கியிலேயே விட்டுவிட்டால் இரவெல்லாம் மின்சாரம் பாய்ந்து காலையில் பேட்டரி செத்திருக்கலாம், கசிந்தும் இருக்கலாம். ஊக்குகளை மூடி ஒரு டப்பாவில் போடுங்கள். உப்புத்தாளில் உதிர்ந்த தாமிரத் தூளை ஈரத்துணியால் துடைத்து, எல்லோரும் கை கழுவ வேண்டும்.

காந்தங்களை எத்தனை கொடுத்தீர்களோ அத்தனையும் திரும்பி வந்திருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்த பிறகே பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புங்கள்.